எங்கே இறக்கிவிடுவே?

சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் கைக்கு வந்த பிறகுதான் எங்கள் வலங்கைமான் பக்கம் எந்த வீட்டிலும் பெரிய செலவைப் பற்றி வாய்விட்டுப் பேசுவார்கள். 2006 தை மாதக் கடைசியில் எங்கள் வீட்டில் பேசப்பட்ட செலவு காசி யாத்திரை. அதுவும் ரயிலில் இல்லை, வேனில். அப்பாயிக்கு முழங்கால் வலி. ரயில் நிலையத்து மேம்பாலப் படிகளில் அவரை ஏற்றி இறக்குவது நடக்காத காரியம். "நம்ம வண்டின்னா நெனச்ச எடத்துல நிக்கும்" என்று அத்தை சொன்னதோடு ரயில் பேச்சு முடிந்தது. சொந்தக்காரர்களும் தெருக்காரர்களுமாகச் சேர்ந்து கும்பகோணத்தில் ஒரு சுவராஜ் மஸ்தா வேனைப் பேசினோம்.

கெடு ஒன்றும் இருந்தது. அதற்கு முந்தைய வருடம் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்து பிழைத்தவர். அம்மா மகாமாரியம்மனுக்குப் பாடைக்காவடி நேர்ந்துகொண்டிருந்தார். எங்கள் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் கேள்விப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் இதற்காகத்தான். சாவின் வாசல் வரை போய்த் திரும்பியவர்கள், பங்குனி இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, நெற்றியில் காசு வைத்துப் பாடையில் படுத்து அம்மன் கோயிலைச் சுற்றிவருவார்கள். ஆக, மாசியில் கிளம்பி பங்குனித் திருவிழாவுக்குள் ஊர் வந்து சேர்ந்துவிட வேண்டும். அதற்குள் எந்த வழியாகப் போவது, எந்த வழியாக வருவது?

படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்ததால் வழி பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. டி.டி.கே. சாலை வரைபடம் ஒன்றை வாங்கிவந்து திண்ணையில் விரித்தேன். பார்த்தவுடன் கண்ணில் படுவது தேசிய நெடுஞ்சாலை 7. கன்னியாகுமரிக்கும் வாரணாசிக்கும் நடுவே 2,369 கிலோமீட்டர். நாட்டிலேயே நீளமான நெடுஞ்சாலை அன்று அதுதான். இப்போது எண்கள் மாறிவிட்டன. பழைய ஏழின் பெரும்பகுதி இன்றைய 44-க்குள் போய்விட்டது. நாமக்கல்லில் ஏழைப் பிடித்தால் சேலம், ஓசூர், பெங்களூர், அனந்தபூர், கர்நூல், ஹைதராபாத், நாக்பூர், ஜபல்பூர், ரீவா என்று ஒரே சாலை கங்கைக்கரையில் கொண்டுபோய் விடும். அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

தெருக்கோடி லாரிக்காரப் பெரியப்பா வரைபடத்தைத் தொடவே இல்லை. உறவு முறையில் பெரியப்பா இல்லை; ஊர் முறையில் பெரியப்பா. கும்பகோணத்துப் பாத்திரத்தை ஏற்றிக்கொண்டு வடக்கே போய், நாக்பூர் ஆரஞ்சை ஏற்றிக்கொண்டு திரும்பிய காலமெல்லாம் உண்டு அவருக்கு. வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்: "ஓசூர் வழியாப் போனா கர்நாடகாவுக்குன்னு ஒரு தடவ வரி கட்டணும். அங்க ஓடப்போறது அர நாள்கூட இல்ல. பெங்களூரத் தாண்டறதுக்கே பாதி உசிரு போயிடும். வேலூருக்குப் போ. சித்தூர், கடப்பா, நந்தியால், கர்நூல். அங்க போய் ஏழப் புடி."

அந்தச் சித்தூர்-கர்நூல் சாலைக்கு அப்போது எண் 18. வரைபடத்தில் மெலிந்த கோடாகத் தெரிந்ததால் என் கண்ணுக்கு அது ஒரு வழியாகவே படவில்லை. அன்று வாடகை வேன் ஒவ்வொரு மாநில எல்லையிலும் நின்று வரி கட்டி, தற்காலிக பர்மிட் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டியிருந்தது. ஒரு மாநிலம் குறைந்தால் ஒரு செக்போஸ்ட் குறையும், ஒரு வரி குறையும், கால் கடுக்க நிற்கும் ஒரு காலைப்பொழுது குறையும். தூரத்தைக் கூட்டிப் பார்த்தேன். எங்கள் ஊரிலிருந்து வேலூர், கர்நூல், நாக்பூர் வழியாக வாரணாசிக்குச் சுமார் 2,100 கிலோமீட்டர். ஏறக்குறைய அதே தூரம்தான் பெங்களூர் வழியாகவும்.

மூன்றாவது வழி அப்பாவுடையது. சென்னை, விஜயவாடா, விசாகப்பட்டினம், புவனேசுவரம், கல்கத்தா. அங்கிருந்து மேற்கே திரும்பிக் காசி. ஐந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் கூடுதல். டீசல் செலவைச் சொல்லி மாமா எதிர்த்தார். அப்பா அதற்குப் பதில் சொல்லவில்லை. வரைபடத்தில் கோதாவரி கடலில் கலக்கிற இடத்தில் விரலை வைத்து, "இங்கெல்லாம் நெல்லு" என்று மட்டும் சொன்னார்.

இத்தனை பேச்சையும் நிலைப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பாயி என்னைக் கூப்பிட்டார். "எத்தன மைலுன்னு எங்கிட்ட சொல்லாதடா தம்பி. மொத நாள் ராத்திரி எங்க எறக்கிவிடுவே, அங்க தண்ணி இருக்கா, ஒதுங்க எடம் இருக்கா, அத சொல்லு."

அவர் கேட்டது அவருடைய மாமியார் காலத்துக் கேள்வி. அந்தப் பாட்டி மாட்டுவண்டி கட்டிக்கொண்டு ராமேசுவரம் போய்வந்தவர். வழியை அவர் ஊர்ப் பெயர்களால் சொன்னதே இல்லையாம், சத்திரங்களால் சொல்வாராம். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம். பிறகு ராசாமடம், மணமேல்குடி, மீமிசல். தஞ்சை மராட்டிய மன்னர்கள் சேதுவுக்குப் போகிறவர்களுக்காகக் கட்டிவைத்த வரிசை அது. 1801-இல் சரபோஜி மன்னர் கம்பெனியின் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. சத்திரங்களை என்னிடமிருந்து எடுத்துவிடாதீர்கள் என்று மன்றாடும் கடிதம். வருகிறவர் எந்தச் சாதியானாலும் சோறு. நோயில் விழுந்தவருக்கு வைத்தியம். வழியில் பிள்ளை பெற்றவளுக்குப் பராமரிப்பு. பெற்றோரை இழந்த குழந்தைக்குப் பால். இவையெல்லாம் நடக்கும் இடம் சத்திரம் என்று அதில் விளக்குகிறார். நாட்டின் அதிகாரம் கையைவிட்டுப் போகிற நேரத்தில் ஒரு மன்னர் விட்டுக்கொடுக்க மறுத்தது வழிப்போக்கரின் சோற்றை. இதை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு எங்கள் மண்ணின் மேல் ஒரு மரியாதை கூடுகிறது.

அப்பாயியின் கேள்வியை வைத்து நோட்டில் புதிதாக எழுத ஆரம்பித்தேன். கிலோமீட்டர் இரண்டாம் பத்திக்குப் போனது. முதல் பத்தியில் இறங்கும் இடம். சத்திரம் இல்லாத நெடுஞ்சாலையில் சத்திரத்தின் வேலையைச் செய்வது எது? பெரியப்பா ஒவ்வொன்றாகச் சொன்னார். லாரிகள் வரிசையாக நிற்கும் பெட்ரோல் பங்க். அங்கே தண்ணீரும் வெளிச்சமும் இருக்கும், பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா என்று இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை நிறுத்த வேண்டும். ஊருக்கு ஒதுக்குப்புறக் கோயில் மண்டபம். சமைக்கலாம், ஆனால் கேட்டுவிட்டுச் சமைக்க வேண்டும். ஹைதராபாத்தை விடிவதற்குள் தாண்டிவிட வேண்டும். நிர்மலுக்கும் அடிலாபாத்துக்கும் இடையில் மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறும், அதை மதியத்துக்குள். நாக்பூருக்கு வடக்கே சிவனி காடு. பொழுது சாய்ந்த பிறகு அதற்குள் நுழையவே கூடாது. கட்னி, மைஹர் பக்கம் சாலை மோசம். அங்கே தூரத்தைக் கணக்கு வைக்காமல் நேரத்தைக் கணக்கு வை. எல்லாவற்றுக்கும் மேல், வண்டியில் இருக்கிற வயதானவர் முகத்தைப் பார்த்துப் பயணத்தை நிறுத்து, கடிகாரத்தைப் பார்த்து இல்லை. எந்த வரைபடத்திலும் அச்சாகாத இந்தச் செய்திகளெல்லாம் அந்த நோட்டில் ஏறின.

ராமேசுவரத்து மண்ணும் வழியைத் தீர்மானித்தது. சேதுவில் மண் எடுத்துப் போய்ப் பிரயாகையில் திரிவேணி சங்கமத்தில் கரைத்து, அங்கிருந்து கங்கை நீர் கொண்டுவந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை முடிந்ததாகக் கணக்கு. மண்ணை மாமாவும் அத்தையும் முன்னதாகவே போய் எடுத்துவந்து, மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தார்கள். அதனால் காசிக்கு முன்னால் பிரயாகை. ரீவாவைத் தாண்டி மங்கவான் என்றொரு சிற்றூரில் சாலை பிரிகிறது. ஏழாம் எண் மிர்சாபூர் வழியாக நேரே வாரணாசி போகும். இன்னொன்று பிரயாகை இருக்கும் அலகாபாத்துக்குப் போகும். அலகாபாத் சாலையைப் பென்சிலால் அழுத்திக் குறித்தேன். எங்கள் பயணத்துக்கு அந்தச் சின்ன ஊர் பெங்களூரைவிட முக்கியம்.

மாசியில் ஒரு விடிகாலை கிளம்பினோம். அரிசி மூட்டை, கேஸ் அடுப்பு, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், கூரைமேல் தார்ப்பாய். கும்பகோணம் தாண்டி அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்தபோது அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை அது. அதன் மேல் போகிறபோது சன்னலோர ஆட்கள் எல்லாருக்கும் ஒரே வேலை, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பது. அந்தப் பழக்கம் காசி வரை விடவில்லை. பெண்ணையாற்றில் மணல். பாலாற்றில் மணல். கடப்பாவுக்குப் பக்கத்தில் பெண்ணாறு, அகலமாக, காய்ந்து. கர்நூலில் துங்கபத்திரையைத் தாண்டினோம், பீச்சுப்பள்ளியில் கிருஷ்ணா. நிர்மலுக்கு முன் சோன் பாலத்தில் கோதாவரி. பாலம் வருகிறது என்று தெரிந்தால் டிரைவர் தம்பி தானாகவே வேகத்தைக் குறைப்பார். அப்பாயி ஒவ்வொரு ஆற்றிலும் ஒரு ரூபாய்க் காசு போட்டார். வறண்ட ஆற்றிலும் போட்டார். "தண்ணி வர்றப்ப எடுத்துக்கட்டும்" என்றார்.

கடப்பா வழியைத் தேர்ந்தது எவ்வளவு சரி என்பது நந்தியாலுக்கு முன்பே தெரிந்துவிட்டது. கூட்டமில்லாத சாலை. இரண்டு பக்கமும் புளியமரம், வேப்பமரம். நினைத்த இடத்தில் நிறுத்தினோம். ஒரு கிணற்றடியில் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தோட்டத்துப் பெண்மணி பச்சை மிளகாயும் கத்தரிக்காயும் ஒரு கூடை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். காசிக்குப் போகிறவர்கள் என்று தெரிந்ததும் பணம் வாங்க மறுத்துவிட்டார். தனக்காகவும் ஒரு முழுக்குப் போடச் சொன்னார். அலகாபாத்தில் அத்தை அவருக்கென்று தனியாக மூழ்கி எழுந்தார்.

அடிலாபாத் மலைப்பாதையையும் பென்கங்கையையும் தாண்டி மராட்டியத்துக்குள் போனால் பருத்திக் கரிசல். நெல்லையே காணோம். கோதுமை பச்சையாக நின்றதைப் பார்த்து அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப்போய்க் கதிரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். சிவனி காட்டைப் பெரியப்பா சொன்னபடி பட்டப்பகலில் கடந்தோம். இருபக்கமும் தேக்கு, இலை உதிர்ந்து நின்றது. புலிகளின் வழி அது. இப்போது அந்தப் பகுதியில் சாலையை நீளமான பாலங்களின் மேல் தூக்கிவிட்டு, விலங்குகள் கீழே கடக்க இடம் விட்டிருக்கிறார்கள். ஒரு சாலை வழிவிட்டு நிற்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஜபல்பூர் அருகே தில்வாராவில் நர்மதை. முதன்முதலாகத் தெளிந்த, ஓடும் தண்ணீர். அங்கே எல்லாரும் குளித்தோம். அன்றைய திட்டத்தில் அது இல்லை, ஆனால் அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு யாராலும் வண்டியில் ஏற முடியவில்லை.

அலகாபாத்தில் யமுனையின் மேல் 2004-இல் திறக்கப்பட்ட கம்பிவடப் பாலம் வழியாக ஊருக்குள் நுழைந்தோம். சங்கமத்தில் மண்ணைக் கரைத்தாயிற்று. காசியில் கேதார கட்டத்துக் குமாரசுவாமி மடத்தில் போய் நின்றபோது அப்பாயிக்கு அந்நிய ஊர் என்ற எண்ணமே போய்விட்டது. 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் நிறுவிய மடம். பிற்பாடு அந்த மடத்தின் தலைமை இருக்கை வந்து அமைந்தது எங்கள் கும்பகோணத்துக்குப் பக்கத்துத் திருப்பனந்தாளில். "நம்ம திருப்பனந்தாளு மடம்" என்று வழியில் பார்த்த எல்லாரிடமும் சொன்னார். கயையில் தாத்தாவுக்குப் பிண்டம் வைத்தார் அப்பா. அதைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனமில்லை.

கயையில்தான் திரும்பும் வழி முடிவாக வேண்டும். வந்த வழியே போனால் கணக்கு தெரியும். எங்கே தண்ணீர், எங்கே கழிப்பறை, எல்லாம் தெரியும். மாமா அதைத்தான் சொன்னார். அப்பா அன்றும் வாதாடவில்லை. அப்பாயிதான், "செத்துப் பொழச்சவன் கேக்கறான், அவன் சொல்ற வழியாப் போங்க" என்றார். கல்கத்தாவைத் தொடாமலே கடற்கரைக்கு இறங்க ஒரு வழி இருப்பதை வரைபடத்தில் பார்த்து வைத்திருந்தேன். பர்ஹியில் ஜி.டி. சாலையிலிருந்து தெற்கே திரும்பினால் ஹசாரிபாக், ராஞ்சி, ஜாம்ஷெட்பூர், பகரகோரா. அதற்குப் பக்கத்தில் தொடங்கிச் சென்னையில் முடிந்தது அன்றைய தேசிய நெடுஞ்சாலை 5.

இதே போல ஒரு வழியில் போய் இன்னொரு வழியில் திரும்பிய ஒருவரைப் பற்றிப் பல வருடம் கழித்துப் படித்தேன். ஏனுகுல வீராசாமி. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் துபாஷியாக இருந்தவர். 1830 மே மாதம் நூறு பேர் அளவில் பரிவாரத்தோடு சென்னையிலிருந்து கிளம்பி, கடப்பா, ஹைதராபாத், நாக்பூர், ஜபல்பூர் வழியாகக் காசி சேர்ந்து, கயை, கல்கத்தா பார்த்துவிட்டு, ஒரிசாக் கடற்கரையோரமாக 1831 செப்டம்பரில் ஊர் திரும்பினார். அவர் எழுதிய காசி யாத்திரைச் சரித்திரத்தில் ஊருக்கு ஊர் இதுதான்: தங்க இடம் உண்டா, தண்ணீர் எப்படி, கடையில் என்ன கிடைக்கும். அப்பாயியின் கேள்வி. அவருக்கும் பத்து வருடம் முன்னால் சரபோஜி மன்னர் மூவாயிரம் பேரோடு காசிக்குப் போய்வந்திருக்கிறார். மூவாயிரம் பேருக்கு ஒவ்வொரு இரவும் இறங்குமிடம் பார்த்த அந்தப் பெயர் தெரியாத ஆட்களை நான் நினைத்துக்கொள்வதுண்டு.

பாலசோர் தாண்டியதும் அப்பா முன்சீட்டுக்கு வந்துவிட்டார். கட்டாக்கில் மகாநதி, அதன் கிளைகளுக்கிடையே பச்சை நடவு. பிறகு மலையோரமும் கடலோரமுமாக நீண்ட ஓட்டம். ராஜமுந்திரிக்குத் தெற்கே தவளேசுவரத்தில் நிறுத்தினோம். கோதாவரியின் குறுக்கே 1852-இல் முடிந்த அணைக்கட்டு இருந்த இடம். கட்டியவர் அதே ஆர்தர் காட்டன். ஆற்றுமணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணையைப் பார்த்துக் கற்றவர் அவர். கொள்ளிடத்தில் பழகிய கையைத்தான் கோதாவரிக்குக் கொண்டுவந்தார். வழியெங்கும் அந்த மனிதருக்குச் சிலை. மாசிக் கடைசியில் வாய்க்கால் தளும்ப ஓடுகிறது. மேட்டூரை ஜனவரி 28-இல் மூடிவிட்டால் எங்கள் ஊர் வாய்க்காலில் அதற்குப் பிறகு தண்ணீர் கிடையாது. அப்பா வாய்க்காலில் இறங்கி முழங்கால் அளவு தண்ணீரில் வெகுநேரம் நின்றார்.

ராவுலபாலம் பக்கம் வரப்பில் நின்ற ஒரு விவசாயியிடம், டிரைவர் தம்பியின் அரைகுறைத் தெலுங்கை வைத்துக்கொண்டு, என்ன ரகம் என்று கேட்டார். "காட்டன் தொர சன்னாலு" என்றார் அவர். மாருடேரு ஆராய்ச்சி நிலையத்தின் எம்.டி.யு. 1010. அணை கட்டிய துரையின் பெயரை நெல்லுக்கே வைத்துவிட்டார்கள். அப்பா பதிலுக்கு, எங்கள் பக்கம் பி.பி.டி. போடுகிறோம் என்றார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே தெற்கே கையைக் காட்டினார். கிருஷ்ணா டெல்டாவில் பாபட்லா. அங்கே பிறந்த ரகம்தான் பி.பி.டி. 5204. எங்கள் களத்தில் வருடா வருடம் தூற்றும் நெல்லுக்குச் சொந்த ஊர் இந்தப் பக்கம். இருவரும் கதிரை உள்ளங்கையில் வைத்து மணி எண்ணினார்கள். ஒருவருக்குத் தமிழ் தெரியாது, ஒருவருக்குத் தெலுங்கு தெரியாது. பூச்சி, உரம், கூலி எல்லாம் பேசினார்கள். டீசல் செலவைச் சொல்லி மாமா எதிர்த்த வழிக்கு அந்த வரப்பில் காரணம் கிடைத்தது. அவரே இறங்கிப்போய்ப் பேச்சில் கலந்துகொண்டார்.

இன்று சொந்தத்தில் யாராவது காசிக்கு வண்டி எடுத்தால் கைபேசி ஒரு நொடியில் வழி சொல்லிவிடுகிறது. அது சொல்வது குறைந்த நேரம் ஆகிற வழி. நாலுவழிச்சாலை வந்தது பெரிய நன்மை. அப்பாயி போன்ற உடம்புகளுக்கு அது எவ்வளவு உதவும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வண்டியில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு எங்கே இறங்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று அதனிடம் யாரும் சொல்வதில்லை. என்னிடம் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் ஆட்களைப் பற்றித்தான் விசாரிக்கிறேன். வழி அதற்குப் பிறகு.

கும்பகோணம் வந்தபோது கடைசியாக ஒரு வழி வாதம். கங்கைச் சொம்போடு ராமேசுவரம் போய் அபிஷேகம் முடிக்கும் வரை வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது என்பது அப்பாயியின் கட்டுப்பாடு. ராமேசுவரம் போக மன்னார்குடி, பட்டுக்கோட்டை வழிதான் நேர். ஆனால் அது வலங்கைமான் ஊருக்குள் புகுந்து போகிறது. சொந்த ஊரைத் தாண்டிப் போவது சரியில்லை, தஞ்சாவூர், புதுக்கோட்டை சுற்றிக்கொண்டு போகலாம் என்றார் அத்தை. "ஊருக்குள்ள போனா என்ன? எறங்கினாத்தான குத்தம்?" என்றார் அப்பாயி.

குடமுருட்டிப் பாலம் தாண்டியதும் வேன் மெதுவானது. கடைத்தெருவில் விஷயம் எப்படியோ பரவி, தெருக்காரர்கள் சன்னலோரம் கூடிவிட்டார்கள். அம்மாவிடம் யாரோ கறிவேப்பிலையும் தேங்காயும் நீட்டினார்கள். லாரிக்காரப் பெரியப்பா என்னிடம், "சிவனிய பகல்ல தாண்டினியா?" என்றார். அப்பா கழுத்தை வெளியே நீட்டிப் பக்கத்து வயல்காரரைத் தேடிப் பிடித்து, நெல்லுக்குப் பின்னால் தெளித்துவிட்டு வந்த உளுந்து எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"காய் புடிச்சிருக்குங்க. மாடு எறங்காம பாத்துக்கறேன், நீங்க முடிச்சிட்டு வாங்க" என்றார் அவர். டிரைவர் தம்பி கியரை மாற்றி வண்டியை நீடாமங்கலம் சாலையில் விட்டார்.